அளம்பில் தோட்டத்துப் படலையடி வீடு: பழைய படம், காணி உறுதி இருந்தால் தாருங்கள்

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு அளம்பில் பக்கம் பழைய தென்னந்தோட்டம் ஒன்றின் படலையடியில் சின்னக் கல்வீடு இருந்தது. அம்மம்மாவின் ஆட்கள் மூன்று தலைமுறையாக அதில் இருந்து தோட்டத்தைக் காத்தார்கள். இப்போது மிச்சம் சுண்ணாம்புச் சாந்து பூசிய அரைச்சுவரும் கிணற்றுக்கட்டும்தான். கிணற்றுக்கட்டில் கயிறு இழுத்த தடம் விரல் ஆழத்துக்கு இருக்கிறது, தொட்டுப் பார்த்துவிட்டு அம்மம்மா அழுதுவிட்டா.

2004 சுனாமி, அப்புறம் 2009 போர். வீட்டிலிருந்த ஒரு தாளும் மிஞ்சவில்லை.

1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னிக் கையேட்டிலிருந்து தேடத் தொடங்கியிருக்கிறேன். உங்களிடம் தோட்டத்துச் சம்பளப் புத்தகம், காணி உறுதி, அந்தப் படலையடியில் எடுத்த கலியாணப் படம் ஏதும் இருந்தால் போனில் எடுத்து அனுப்புங்கள். பெரிய பங்களாவைப் பற்றிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், காவல் வீட்டுச் சனத்தைப் பற்றித்தான் எனக்கு வேண்டும். கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் காணிப் பதிவு தேடியவர்கள் வழி சொன்னால் பெரிய உதவி.