மண்டபத்துல கேம்கார்டர்: ஐரிஸ், ஷட்டர், கெயின், என்டி – எதை முதல்ல வைக்கணும்?

புதுலென்ஸ்:
வணக்கம். ஸ்டில் கேமரா பழக்கம் உண்டு, கேம்கார்டர் புதுசு. வர்ற முகூர்த்தங்களுக்கு சோனி எச்எக்ஸ்ஆர்-என்எக்ஸ்100 கைக்கு வருது. மேனுவல் படிச்சா ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா புரியுது, ஒண்ணுக்கொண்ணு என்ன சம்பந்தம்னு பிடிபடல. ஃபுல் ஆட்டோவுல போட்டா எல்இடி லைட்டுக்குக் கீழே படத்துல பட்டை பட்டையா ஓடுது. கேமரா கொஞ்சம் திரும்பினா முகம் மஞ்சளாகுது, அப்புறம் நீலமாகுது. ஐரிஸ், ஷட்டர், கெயின், என்டி நாலும் வெளிச்சத்தைத்தானே மாத்துது, அப்போ எதைத் தொடணும்? 50ஐ, 50பி, 25பி இதுல எது? மேளம் ஆரம்பிச்சா சவுண்டு கிழியுதே, அதுக்கு என்ன வழி?

ஜீப்ராகோடு:
நாலும் வெளிச்சத்தை மாத்தும், சரிதான். ஆனா மூணு கூடவே வேற எதையாவது கெடுக்கும். ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் விழுற நேரம்) அசைவைத் தொடும், ஐரிஸ் (லென்ஸ் துளையோட அளவு) ஃபோகஸ் ஆழத்தைத் தொடும், கெயின் (சிக்னலைப் பெருக்குறது) படத்துல புள்ளி கிளப்பும். என்டி ஃபில்டர் மட்டும் சாதுவான ஆள், லென்ஸுக்குக் கருப்புக் கண்ணாடி போட்ட கணக்கு.

முதல்ல ஷட்டரை 1/50-ல பூட்டிடுங்க, அன்னைக்கு முழுக்கத் தொடாதீங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால டியூப்லைட்டும் சாதா எல்இடியும் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். 1/50, 1/100 வச்சா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முழு மினுக்கல் அடங்கிடும். ஆட்டோ ஷட்டர் 1/60, 1/120னு அலையும்போது மினுக்கல் பாதியில வெட்டுப்படும். நீங்க பார்த்த பட்டை அதுதான்.

மேடை ஓரத்துல நிக்கிற கலர் எல்இடி பார் லைட் வேற ஜாதி. வெளிச்சத்தைக் குறைக்க அது தன்னையே வேகவேகமா அணைச்சு அணைச்சு எரியும், அதுக்கும் கரண்டோட 50-க்கும் சம்பந்தமில்ல. 1/50 வச்சும் பட்டை போகலைன்னா லைட்காரர்கிட்ட டிம்மரை ஃபுல்லா ஏத்தச் சொல்லுங்க. வெளிச்சம் அதிகமா இருந்தா நாலு லைட்டுல ரெண்டை அணைக்கச் சொல்லுங்க, நாலையும் டிம் பண்ண வேண்டாம்.

அடுத்து ஐரிஸ். மண்டபத்துக்குள்ள எஃப் 2.8-லிருந்து 5.6 வரை போதும் (எண் கூடினா துளை சின்னதாகும்). எஃப் 8 தாண்டினா இந்த சைஸ் சென்சார்ல கூர்மை மெல்லக் குறைய ஆரம்பிக்கும். வெயில்ல ஐரிஸை 11-க்கு இறுக்கிட்டு, "படம் ஏன் சோப்பு போட்ட மாதிரி இருக்கு"ன்னு கேக்குறவங்க நிறைய. அந்த இடத்துலதான் என்டி. இதுல 1/4, 1/16, 1/64 மூணு நிலை. முறையே 2, 4, 6 ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதி). கோயில் வாசல் வெயில்ல 1/16-ல ஆரம்பிங்க, ஐரிஸ் 4-க்கும் 5.6-க்கும் நடுவுல வந்து நிக்கணும். திரும்ப மண்டபத்துக்குள்ள நுழையும்போது என்டியைக் கழட்டுங்க. மறந்தா, கெயின் ஆட்டோவுல இருந்தா அது எகிறி அந்த இருட்டை ஈடு கட்டிடும். சின்ன ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது, டிவியில போட்டா மணல் கொட்டினாப்ல இருக்கும்.

கெயின் கடைசி. 6 டெசிபல் ஏத்தினா ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் ரெட்டிப்பு. கெயினோட எல், எம், எச் (குறைவு, நடு, அதிகம்) சுவிட்சுக்கு 0, 6, 12 வச்சுக்கோங்க. 9 வரை கவலையில்ல. 18 போனா கரும்பச்சைப் பட்டும் அரக்குப் பட்டும் நிழல் பக்கம் கலங்கிடும்.

ஜீப்ரான்னா, நாம வச்ச வெளிச்ச அளவை எட்டின இடத்துல ஸ்க்ரீன்ல காட்டுற வரிக்கோடு. ஜீப்ரா 70-ல முகத்துல கோடு வரணும்னு எல்லா வீடியோவுலயும் சொல்வாங்க. அது வெளிர் தோலுக்கு வச்ச அளவு. நம்ம நிறத்துக்கு 70 வந்தா நெத்தி வெளுத்துடும். 55, 60-ல நிறுத்துங்க. நகை, வெள்ளை வேட்டி எரியுதான்னு பார்க்க 100 ஜீப்ரா தனியா உதவும்.

நடைபாதை:
ஜீப்ராகோடு சார் சொன்ன வரிசை சரி, ஆனா தனி ஆளா ஓடுறவங்களுக்கு ஐரிஸையும் மேனுவல்ல வைன்னு சொல்றது கொஞ்சம் கொடுமை. மணப்பெண் அறையிலிருந்து மேடை வரைக்கும் பின்னாலேயே நடக்கும்போது மூணு விதமான வெளிச்சம் வரும். ஷட்டர் 1/50 பூட்டு, ஐரிஸ் ஆட்டோ, கெயின் ஆட்டோ, ஆனா மெனுவுல ஏஜிசி லிமிட் (ஆட்டோ கெயின் ஏறக்கூடிய உச்சம்) 12. இதுதான் நிம்மதி. தாலி கட்டுற நேரம் மட்டும் ஐரிஸை மேனுவலுக்குக் கொண்டு வாங்க. இல்லேன்னா சுத்தி ஸ்டில் ஃப்ளாஷும் பின்னாடி வெள்ளை லைட்டும் அடிக்க, ஆட்டோ ஐரிஸ் பயந்து முகத்தை இருட்டாக்கிடும்.

வொயிட் பேலன்ஸை (எது வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்ற செட்டிங்) மட்டும் ஆட்டோவுல விடவே கூடாது. உங்க முகம் மஞ்சள், நீலம்னு மாறுறது அதனாலதான். மேடையில பெண் உட்காரும் இடத்துல கிரே கார்டு பிடிச்சு, ஃப்ரேம் நிறைய ஜூம் பண்ணி, ஏ மெமரியில போட்டுக்கோங்க. பந்தி நடக்குற ஹாலுக்கு பி மெமரி. கார்டு இல்லேன்னு மாமா கட்டியிருக்கிற வேட்டியைக் காட்டி செட் பண்ணாதீங்க. சொட்டு நீலம் போட்ட துணி கேமராவுக்கு நீலம்தான். அதை வெள்ளைன்னு நம்பிக் கேமரா மஞ்சளை ஏத்திடும். எல்லா முகமும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிடும்.

ட்ரைபாட்ல போட்டதும் ஸ்டெடிஷாட்டை (கை நடுக்கத்தைக் குறைக்கிற வசதி) அணைங்க. கேமராவைப் பக்கவாட்டுல திருப்பி நிறுத்தின அப்புறமும் படம் கொஞ்சம் நழுவி நிக்கும், அது ஸ்டெடிஷாட்டோட வேலைதான்.

மிக்சர்பக்கம்:
ஆடியோவுக்கு மட்டும் பதில். கிழியறதுக்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம். மைக்செட்காரர் மிக்சர்லேருந்து கொடுக்குறது லைன் சிக்னல், மைக் சிக்னலைவிட ரொம்பப் பலமானது. கேமராவுல இன்புட் சுவிட்ச் மைக்குல இருந்தா லெவல் எவ்வளவு குறைச்சாலும் கிழியும், ஏன்னா லெவல் குமிழுக்கு முன்னாடியே கிழிஞ்சிடுது. லைனுக்கு மாத்துங்க. 48 வோல்ட் நிலையில வச்சுட்டு மிக்சர் ஒயரைச் செருகாதீங்க, அது கண்டென்சர் மைக்குக்குப் போற கரண்ட். மிக்சர் அவுட்புட்டைக் கெடுக்கலாம்.

ரெண்டாவது ஆட்டோ லெவல். தவில் அடி விழுந்ததும் அமுக்கும், இடைவெளியில ஏசி இரைச்சலைத் தூக்கும், காதுக்கு மூச்சு வாங்குற மாதிரி கேக்கும். மேனுவல் போட்டு, கெட்டிமேளம் முழங்கும்போதும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாத மாதிரி வைங்க. அதுக்காக ஐயர் மந்திரம் மைனஸ் 30-க்குப் போனா சேனல் 2-ல தனி மைக் வச்சுக்கணும். ஒரே சேனல்ல ரெண்டையும் பிடிக்கிறது நடக்காத காரியம். ஹெட்போன் இல்லாம ரெக்கார்டு தட்டாதீங்க.

கார்டுரீடர்:
ஃபார்மட் பற்றி: 50ஐ என்பது ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாறி மாறி எடுக்கும் பழைய டிவி முறை. மொபைலிலும் யூடியூபிலும் கையசைவின் ஓரத்தில் சீப்புப் பல் தெரியும். 50பி, 25பி இரண்டிலும் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாகவே பதியும்; நொடிக்கு 50 அல்லது 25 ஃப்ரேம். தனியாக எடுப்பதென்றால் எக்ஸ்ஏவிசி எஸ் என்ற பதிவு முறை, 1080, 50பி அல்லது 25பி, 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்). மண்டப எல்இடி ஸ்க்ரீனுக்கு லைவ் கொடுப்பதாக இருந்தால் உங்கள் விருப்பம் செல்லாது. மிக்சிங் யூனிட்காரர் கேட்பதைக் கொடுங்கள், பெரும்பாலும் 50ஐ.

50 எம்பிபிஎஸ்ஸில் 64 ஜிபி கார்டு சுமார் 2 மணி 40 நிமிடம் ஓடும். எஸ்டிஎக்ஸ்சி, கிளாஸ் 10 போதும். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதியும் சைமல்டேனியஸ் முறையில் வையுங்கள். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தாவும் ரிலே முறை கல்யாணத்துக்கு வேண்டாம். தாலி கட்டுவதை இன்னொரு முறை எடுக்க முடியாது.

ஏவிசிஎச்டி என்ற இன்னொரு பதிவு முறையில் எடுத்தால் எம்டிஎஸ் என்ற வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். நீளமான ஷாட்டைக் கேமரா துண்டுகளாக வெட்டித்தான் எழுதும். துண்டுகளை இணைக்கும் தகவல் வேறு ஃபைல்களில் இருக்கும். அதை விட்டால் இணைப்பில் படமும் சத்தமும் ஒரு நொடி குதிக்கலாம். பிரைவேட் என்ற ஃபோல்டரை முழுசாக காப்பி செய்து, எடிட்டிங் மென்பொருளின் மீடியா பிரவுசர் வழியாக உள்ளே எடுங்கள். கார்டை ஃபார்மட் செய்வது கேமராவில் மட்டுமே.

புதுலென்ஸ்:
எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். ஐரிஸ் மேனுவல், ஷட்டர் 1/50, கெயின் 6 எல்லாம் பூட்டியாச்சு. அப்பவும் ஜூம் இழுத்தா படம் இருட்டாகுதே?

ஜீப்ராகோடு:
லென்ஸோட குணம் அது. அகலக் கோணத்துல இந்த லென்ஸ் எஃப் 2.8 வரை திறக்கும், 12 மடங்கு ஜூம்ல 4.5-க்கு மேல திறக்காது. நீங்க 2.8 வச்சுட்டு உள்ளே இழுத்தா அது தானா 4.5-க்குச் சுருங்கிடும், ஒண்ணேகால் ஸ்டாப்புக்கும் கூட இழப்பு. ஒரே ஷாட்ல ஜூம் பண்ணப் போறீங்கன்னா ஆரம்பத்துலயே 4.5 வச்சு, கெயினை 6-லிருந்து 15-க்கு ஏத்திக்கோங்க. புள்ளி வேண்டாம்னா ஜூமை விட்டுட்டு ரெண்டடி முன்னாடி நடங்க.