நியாண்டர்தால்களை நாம் விரட்டினோமா, அவர்கள் நமக்குள் கரைந்தார்களா?

கற்கோடரி:
நேற்று இன்னொரு இழையில் "நியாண்டர்தால்கள் அழியவில்லை, நமக்குள் கரைந்துவிட்டார்கள்" என்று ஒருவர் எழுத, நிறைய பேர் ஆமோதித்திருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை; நாம்தான் அவர்களை விரட்டினோம் என்பேன். அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

நியாண்டர்தால்கள் நம் இனத்துக்கு நெருங்கிய, இன்று இல்லாத இன்னொரு மனித இனம். ஐரோப்பாவில் 3 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் அவர்கள். எத்தனையோ பனிக்காலங்கள் வந்து போயின, அவர்கள் இருந்தார்கள். நாம் உள்ளே போன சில ஆயிரம் ஆண்டுகளில் கதை முடிந்தது. 2014-இல் தொல்லியலாளர் டாம் ஹைம் குழு ஸ்பெயினிலிருந்து ரஷ்யா வரை 40 இடங்களில் கிடைத்தவற்றுக்குக் கார்பன் காலக்கணிப்பைப் புதிதாகச் செய்து பார்த்தது. 41,000 முதல் 39,000 ஆண்டுகளுக்கு முன்பு அவர்களுடைய தடயம் எல்லா இடத்திலும் நின்றுபோகிறது.

அவர்கள் அழிந்ததற்கு இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே வெடித்த எரிமலைமேல் பழி போடுவதும் சரியில்லை. அது வெடித்தது சுமார் 39,850 ஆண்டுகளுக்கு முன்பு. அந்தச் சாம்பல் அடுக்குக்குக் கீழேயே பல இடங்களில் நவீன மனிதரின், அதாவது நம் இனத்தவரின், கருவிகள் கிடக்கின்றன. சாம்பல் விழும்போது பெரும்பாலான இடங்களில் ஆள் மாறியாகிவிட்டது. நாம் வந்தோம், அவர்கள் போனார்கள்.

நதிமூலம்:
"நாம் வந்தோம், அவர்கள் போனார்கள்" என்ற வரியைத்தான் நான் மறுக்கிறேன். பிரான்ஸில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மான்ட்ரின் குகை இருக்கிறது. தொல்லியலாளர் லுடோவிக் ஸ்லிமாக் குழு 2022-இல் வெளியிட்டது இது: நியாண்டர்தால் அடுக்குகளுக்கு நடுவே, சுமார் 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அடுக்கில், ஒரு நவீன மனிதக் குழந்தையின் பால்பல். அதற்கு மேல் அடுக்கில் யார்? மறுபடியும் நியாண்டர்தால். நாம் போய்விட்டோம், அவர்கள் திரும்பி வந்து 10,000 ஆண்டு வாழ்ந்தார்கள்.

அந்தக் குகையின் புகைக்கரி ஆய்வைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விறகடுப்பு எரிந்த கிராமத்துச் சமையலறைச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். புகை ஏறிக் கறுக்கும், பொங்கலுக்கு வெள்ளையடிப்போம், மறுபடியும் கறுக்கும். ஒரு மூலையில் பெயர்ந்து விழுந்த காரையை உடைத்துப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் கோடு கோடாக இருக்கும். மான்ட்ரினிலும் அப்படித்தான். ஆள் தங்கித் தீ மூட்டினால் கரி; ஆள் இல்லாதபோது அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் படிவு. சுவரிலிருந்து உதிர்ந்த சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்து அந்தக் கோடுகளை எண்ணியிருக்கிறார்கள். நியாண்டர்தாலின் கடைசித் தீக்கும் நவீன மனிதரின் முதல் தீக்கும் இடையே அதிகம் போனால் ஓராண்டு. ஒருவர் அணைத்த அடுப்பின் கரி காயுமுன் அடுத்தவர் வந்து மூட்டியிருக்கிறார்!

கற்கோடரி:
கரி ஆய்வு அருமை, மறுக்கவில்லை. ஆனால் 54,000 என்ற கணக்கு முழுவதும் ஒரே ஒரு பால்பல்லின் வடிவத்தில் நிற்கிறது. அதிலிருந்து டிஎன்ஏ எடுக்கவில்லை. அதை வைத்து ஒரு கண்டத்தின் வரலாற்றைத் திருப்பி எழுத முடியாது.

நதிமூலம்:
சரி, பல்லை விடுங்கள். ஜெர்மனியில் ரானிஸ் குகைக்கு வாருங்கள். இலை போல் நீண்ட கல்முனைகள் அங்கே கிடைத்தன. செய்தது நியாண்டர்தால்தான் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2024-இல் 13 எலும்புத் துண்டுகளின் டிஎன்ஏவைப் பார்த்தால் அத்தனையும் நவீன மனிதர். காலம் 47,500 ஆண்டுகள் வரை பின்னே போகிறது. அன்று அங்கே இன்றைய சைபீரியாவின் குளிர்.

அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? அவர்களும், செக் நாட்டு ஸ்லாட்டி கூன் குகையில் மண்டையோடு கிடைத்த பெண்ணும் ஒரே கூட்டத்தினர், தூரத்துச் சொந்தமும்கூட. மொத்தமே சில நூறு பேர்தான் இருந்திருப்பார்கள் என்கிறது மரபணு. அந்தக் கிளைக்கு இன்று வாரிசே இல்லை. நாமும் அங்கே தோற்றிருக்கிறோம், கற்கோடரி. தோற்றவர்களை விட்டுவிட்டுக் கடைசியாக வந்தவர்களை மட்டும் "நாம்" என்கிறீர்கள்.

மலைச்சாரல்:
இருவருக்கும் ஒரு கேள்வி. இரு இனத்தவரும் கலந்து பிள்ளை பெற்றதைப் பற்றி யாரும் பேசவில்லையே? ருமேனியாவின் ஓவாசே குகையில் 2002-இல் ஒரு தாடை எலும்பு கிடைத்தது. வயது சுமார் 40,000 ஆண்டுகள். முகவாய்க்கட்டை நம்முடையது போலவே. கடைவாய்ப் பற்கள் மட்டும் மிகப் பெரியவை. 2015-இல் மரபணுவைப் பார்த்தபோது 6 முதல் 9 சதவீதம் நியாண்டர்தால். நாலிலிருந்து ஆறு தலைமுறைக்கு முன்னால் அவருடைய குடும்பத்தில் ஒரு நியாண்டர்தால் இருந்திருக்கிறார். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று எண்ணினால் கைவிரல் போதும். பல்கேரியாவின் பாச்சோ கீரோ குகையிலும் இதே கதைதான்.

கோவிட் நேரத்தில் மரபியலாளர்கள் ஸ்வாந்தே பேபோவும் ஹியூகோ ஸீபர்கும் கண்டுபிடித்தது நினைவிருக்கிறதா? நோயைத் தீவிரமாக்கும் மூன்றாம் குரோமோசோம் பகுதி நியாண்டர்தாலிடமிருந்து வந்தது. தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது. இது நம் உடம்பில் ஓடும் விஷயம், தோழர்களே.

கற்கோடரி:
மலைச்சாரல், நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் சாய்கிறது. ஓவாசே மனிதரின் வம்சமும் பிற்கால ஐரோப்பியரிடம் தொடரவில்லை. இன்று நம்மிடம் இருக்கும் 2 சதவீத நியாண்டர்தால் மரபணு வேறு கலப்பிலிருந்து வந்தது. 50,500 முதல் 43,500 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. ஐரோப்பாவில் கலந்தவர்கள் எங்கே கரைந்தார்கள்?

இன்னொன்று. கடைசிக் கால ஐரோப்பிய நியாண்டர்தால்களின் மரபணுக்களை 2018-இல் வெளியிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த காலத்தை ஒட்டி நம் இனத்திடமிருந்து அவற்றுக்குள் எதுவும் போனதாகத் தெரியவில்லை. குழந்தைகள் நம் கூட்டத்தில் மட்டும் வளர்ந்திருக்கிறார்கள். கொண்டான் கொடுத்தான் உறவென்றால் இரு பக்கமும் தெரிய வேண்டாமா? இது எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இடம். அந்தத் தாய்மார்கள் விரும்பித்தான் வந்தார்களா என்று யாருமே கேட்பதில்லை.

நதிமூலம்:
நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஆனால் மான்ட்ரினிலேயே கிடைத்த தோரினையும் பாருங்கள். ஒரு நியாண்டர்தால் ஆண். 2024-இல் மரபணு வெளிவந்தது. அவருடைய கூட்டம் ஏறக்குறைய 50,000 ஆண்டு மற்ற நியாண்டர்தால்களோடுகூடக் கலக்கவில்லை. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே பிள்ளை பெற்ற சிறு கூட்டம். நம்மை விடுங்கள், பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த தன் இனத்தோடே உறவு வைக்காதவர்கள். அப்படிச் சுருங்கிய கூட்டத்துக்கு ஒரு மோசமான குளிர்காலம், பிரசவத்தில் இறந்த இரண்டு பெண்கள் போதும். விரட்ட ஆள் தேவையில்லை.

கற்கோடரி:
"விரட்டினோம்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். "கரைந்தார்கள்" என்பதை ஏற்க மாட்டேன். தோரினின் கூட்டத்திலிருந்து ஒரு துளிகூட இன்று யாரிடமும் இருப்பதாகக் காட்ட முடியாது.

மலைச்சாரல்:
அப்படியானால் ரானிஸ் மனிதர்களுக்கும் அதையே சொல்லுங்கள், கற்கோடரி. அவர்களிடமிருந்தும் ஒரு துளி இல்லை.