பேஸ்மென்ட் ராம்ப்பில் தெரியும் டர்போ லேக்: பெங்களூரு அனுபவம்

சின்ன டர்போ பெட்ரோல் கார் வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை அவுட்டர் ரிங் ரோட்டோடு முடித்துக்கொள்ளாதீர்கள். ஏசியைப் போட்டு, நாலு பேரை உட்காரவைத்து, உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ராம்ப்பில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். தினமும் காலையில் அந்த வண்டிக்கு முதல் வேலை அதுதான்.

என்னுடையது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், மேனுவல் கியர். வீடு கே.ஆர்.புரம், ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி. மாரத்தஹள்ளி, சில்க் போர்டு டிராஃபிக் எல்லாம் தினப்படி. எங்கள் ராம்ப் பாதி ஏற்றத்தில் வளைகிறது. எதிரே ஒரு வண்டி இறங்கினால் செக்யூரிட்டி அண்ணன் அங்கேயே கைகாட்டி நிறுத்திவிடுவார். அங்கிருந்து கிளம்பும்போது ஆர்பிஎம் முள் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) 1,200 பக்கம் கிடக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்டீயரிங் அதிரும், வண்டி நகராது. கிளட்சைச் சட்டென்று விட்டால் ஆஃப். முள் 1,800-ஐத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல ஒரே பாய்ச்சல், அதுவும் சுவரைப் பார்த்து.

இது ரிப்பேர் இல்லை. மிதித்ததும் இழுக்காமல் டர்போ தாமதிக்கும் இதைத்தான் டர்போ லேக் என்கிறார்கள். இன்ஜின் வெளியே தள்ளும் புகைதான் டர்போவைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. ஆர்பிஎம் குறைந்தால் புகையும் குறைவு, திணிப்பதற்குக் காற்றும் இல்லை. அப்போது ஒரு டன் எடையுள்ள காரை இழுப்பது வெறும் 1,000 சிசி இன்ஜின்தான். கம்பெனிகள் தரும் விவரத் தாளிலேயே இது இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் 1.0 டிஎஸ்ஐ இன்ஜினின் 178 என்எம் டார்க் (இழுவிசை) 1,750 ஆர்பிஎம்மில்தான் தொடங்குகிறது. மாருதி ஃப்ரான்க்ஸில் வரும் பூஸ்டர்ஜெட் டர்போ இன்ஜினுக்கு 2,000. வாங்கும்போது எல்லோரும் என்எம் எண்ணைத்தான் பார்க்கிறோம், எனக்கு அது தொடங்கும் ஆர்பிஎம் எண்தான் முக்கியம்.

அந்த எண்ணுக்கு மேலே இருக்கும்போது மிதித்தால் கொஞ்சம் தாமதித்து இழுக்கும், காத்திருந்தால் போதும். அதற்குக் கீழே ரொம்பவும் இறங்கிவிட்டால் காத்திருந்து பயனில்லை, எவ்வளவு மிதித்தாலும் அப்படித்தான். கியரைக் குறைத்தே ஆகவேண்டும். சில்க் போர்டில் ஊர்ந்து போகும்போது செகண்டில் சமாளிக்கலாம் என்று பார்க்காமல் ஃபர்ஸ்ட்டுக்கே வந்துவிடுவது நல்லது.

பெங்களூருக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) வந்துவிட்டால் டர்போ அதை ஈடுகட்டிவிடும், வருவதற்கு முன்னால் எதுவும் செய்ய முடியாது. பொங்கலுக்குச் சென்னை போகும்போது அதே கார் அங்கே சிக்னலில் லேசாகக் கிளம்புவதைக் கவனித்திருக்கிறேன்.

அல்சூரில் இருக்கும் என் மாமா பல வருஷமாக ஒரு 1.3 டீசல் கார் ஓட்டுகிறார். 2,000-க்குக் கீழே அது இழுக்கவே இழுக்காது. அதில் அவர் ஏற்காடு ஏறுவதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சேலம் பக்கமிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்கு முன்பே கியர் மாறியிருக்கும். வளைவுக்குள் போகும்போதே முள் 2,000-இல் நிற்கும், வண்டி ஒரே சீராக ஏறும். "வளைவுக்குள்ள போயிட்டு கியரைத் தேடாதே மாப்ளே, பின்னாடி பஸ்காரன் நிப்பான்" என்பார். நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

ஆபீஸ் தோழி ஒருவரின் காரில் டர்போவோடு டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். லேக் என்றால் என்ன என்று கேட்கிறார். கிளம்பும்போது உள்ளே இருக்கும் ஆயில் வழுக்கலில் இன்ஜின் சட்டென்று ஆர்பிஎம் ஏறிவிடுகிறது, டார்க்கும் பெருகுகிறது, அதனால் குறை வெளியே தெரிவதில்லை. ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் அது தகும்.

மேனுவல்காரர்கள் மைலேஜுக்காக நாலாவது கியரில் 1,300-இல் உருட்டி, அதிலேயே முழுசாக மிதிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோலில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பாரம் கொடுத்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றி பிஸ்டனையே உடைக்கக்கூடும். இதைத் தடுக்கத்தான் 2018-இல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று ஆயில் தரங்களே கொண்டுவந்தார்கள். காரோடு வரும் கையேட்டில் சொன்ன தரத்துக்குக் கீழே ஆயில் ஊற்றவே வேண்டாம்.

சிவிடி (தனித்தனி கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) டர்போவில் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆள் நிறைய, ஏசியோடு ஏறியிருந்தால் எப்படி இழுத்தது, கியர்பாக்ஸ் சூடானதா என்று எழுதுங்கள். தங்கைக்கு அந்த வகைக் காரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.