வேதியியலும் பிரெஞ்சும் ஒரே பட்டத்தில்: படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் பொறையாறு பக்கம். தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பிரிட்டனில் வேதியியலையும் பிரெஞ்சையும் சேர்த்துப் படிக்கும் நான்கு வருடப் பட்டத்தின் மேல் கண். அதில் ஒரு வருடம் பிரான்சில்.

ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே காரைக்கால். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கே எங்கள் பெரிய தாத்தா இன்றும் கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் திட்டுவார்! அவரிடம் கொஞ்சம் பேசப் பழகியிருக்கிறாள், இலக்கணம்தான் உதைக்கிறது.

என் கவலை வேறு. நமக்கு நைட்ரஜன், அவர்களுக்கு அஸோத். வெள்ளீயத்துக்கு எதேன். 3.5 மில்லியை 3,5 என்று எழுதுவார்கள். இதெல்லாம் பழகிவிடும், சரி. ஆனால் ஆய்வகத்தில் பேராசிரியர் வேகமாகச் சொல்வதைப் பிடித்து அன்றைக்கே பிரெஞ்சில் அறிக்கை எழுத முடியுமா? பிரெஞ்சு மொழித் தேர்வான டெல்ஃபில் பி1 நிலை போதுமா, அதற்கு மேலான பி2 வேண்டுமா?

அப்புறம், பாதிப் பாடம் மொழிக்குப் போனால், திரும்பி வந்து இங்கே எம்.எஸ்ஸி. வேதியியல் சேர்வதில் சிக்கல் வருமா? அப்பாவுக்கு அதுதான் பயம். இங்கேயே பி.எஸ்ஸி. சேர்ந்து, முதல் பகுதி மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்தால் போதாதா என்கிறார். குறுவைக் கணக்கையும் பார்த்தால் அவர் சொல்வதும் நியாயம்தான்.

இரண்டில் எதைச் செய்தவராக இருந்தாலும் சொல்லுங்கள். மயிலாடுதுறை, காரைக்கால் பக்கம் டெல்ஃபுக்குச் சொல்லித் தருபவர்கள் தெரிந்தாலும் உதவியாக இருக்கும்.