கழட்டின கே04 டர்போ, எப்படி விக்கறது?

கேள்வி: அண்ணே, தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருக்கேன், கோல்ஃப் 5 ஜிடிஐ கார்ல போட்டிருந்த கே04-ஐ (இஞ்சினுக்கு காத்த அழுத்தித் தள்ற டர்போ, பெரிய சைஸ்) கழட்டிட்டு கார்லயே வந்த பழைய கே03-யே மாட்டிட்டேன், இப்ப விக்கணும், ஜோகன்னஸ்பர்க்காரர் ஒருத்தர் பணம் போட்டாச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி இன்னைக்கே கூரியர் போடுங்கறார், நம்பலாமா?

ஃபீனிக்ஸ்லேருந்து: தம்பி அனுப்பிடாத! உன் அக்கவுண்ட்ல ரேண்ட் ஏறினத நீயே பாத்தாதான் பணம். என் காயிலோவர் செட் (கார் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்) அப்படித்தான் போச்சு, இன்னும் வயிறு எரியுது.

டர்பன்லேருந்து: டர்போ ஷாஃப்ட்ட விரலால ஆட்டி வீடியோ எடுப்பா. பக்கவாட்டுல லேசா ஆடுனா பரவால்ல, ஷாஃப்ட்ட சுத்தித் தாங்கற ஜர்னல் பேரிங் ஆயில் படலத்துல மிதக்கறதுதானே, ஆனா முன்ன பின்ன நல்லா ஆடுனா ஷாஃப்ட் முன்ன பின்ன நகராம பிடிக்கற த்ரஸ்ட் பேரிங் தேஞ்சிருக்கு, மறைக்காம சொல்லிடு. ஈசியூ மேப்பையும் (இஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்) மாத்தணும்னு வாங்குறவர்கிட்ட சொல்லு, பாவம், தெரியாம மாட்டி இஞ்சின கெடுத்துக்கப் போறாரு.

கேட்டவர்: இப்பதான் பாத்தேன், பணம் ஏறவே இல்லண்ணே.