திருக்கையின் இரத்தத்தில் நெளிந்தது: இப்படி யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஓசூர்_சிலைடு:
நண்பர் தொட்டியில் ஒரு மோட்டோரோ திருக்கை இருந்தது. பண்ணைக் குஞ்சு இல்லை, தென் அமெரிக்க ஆற்றில் பிடித்து ஏற்றுமதியானது. கால்நடை மருத்துவர் ஒருவர் வால் முள்ளைத் துணியால் சுற்றிப் பிடித்து, வாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கொடுத்தார். சாயம் போடவில்லை, ஈரம் காய்வதற்குள் நுண்ணோக்கியில் வைத்தேன். மீன் சிவப்பணு தெரியும்தானே, நீள்வட்டம், நடுவில் உட்கரு. அந்தக் கூட்டம் ஓரிடத்தில் மட்டும் விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. குவியத்தைத் திருப்பினால் டிரிபனோசோமா, இரத்தத்தில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி! உடலோரச் சவ்வு அலையடிக்க அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது. அன்று மாலையும் திருக்கை இறாலைப் பறித்துத் தின்றது. சில நாளில் நண்பர் அதைப் பெங்களூருக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார், இதைப் பற்றி மூச்சே விடாமல். "நன்றாகத்தானே தின்கிறது?" என்கிறார். எனக்கு மனது ஆறவில்லை.

பரிசல்துறை:
ஆற்றில் திருக்கையா? நாங்கள் ஒகேனக்கல்லில் தலைமுறையாக வலை போடுகிறோம், ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ஆனால் அட்டை பார்த்திருக்கிறேன். ஒரு விராலின் செவுளைத் தூக்கினால் உள்ளே இரத்தம் குடித்து உப்பிய அட்டைகள், கத்தியால் சுரண்டவும் விடவில்லை. அம்மா கழுவிக் குழம்பு வைத்துவிட்டார். எல்லோரும் சாப்பிட்டோம், நான் மட்டும் சாறு ஊற்றிக்கொண்டேன்.

ஓசூர்_சிலைடு:
காவிரியில் இல்லை ஐயா. அமேசான், ஒரினோகோ, பரானா ஆறுகளில் கடலுக்கே போகாமல் வாழும் குடும்பம் அது. உங்கள் விராலுக்கும் என் திருக்கைக்கும் நடுவில் இருப்பது அட்டைதான். மீனுக்கு மீன் இந்த ஒட்டுண்ணியைக் கொண்டு சேர்ப்பது அதுவே. குழம்பைப் பற்றிக் கவலை வேண்டாம், மீன் டிரிபனோசோமா மனிதரைத் தொற்றாது.

கிருஷ்ணகிரி_தொட்டி:
நானும் திருக்கை வளர்த்தேன், செத்துப்போனது. அதை விடுங்கள். நண்பர்மேல் ஏன் கோபம்? ஒட்டுண்ணி இருந்தாலே நோய் என்று அர்த்தம் இல்லை. ஆற்று மீன்கள் பல இதைச் சுமந்துகொண்டே திரிகின்றன. 1841இல் வாலன்டின் என்ற ஆய்வாளர் முதன்முதலில் கண்டதே டிரவுட் மீனின் இரத்தத்தில்தான். அட்டை இல்லாத தொட்டியில் இது பரவ வழியில்லை. எனவே புதிதாகத் திருக்கை வாங்குகிறவர்கள் முதலில் தனித்தொட்டியில் வையுங்கள். வயிற்றுப் பக்கம், வாயோரம், செவுள் பிளவுகள் எல்லாம் அட்டைக்குப் பாருங்கள். ஏரியிலிருந்து செடி பறித்துப் போடாதீர்கள், அட்டையின் முட்டைக்கூடு அதில் ஒட்டி வரும். செம்பு கலந்த மருந்தை ஊற்றவே ஊற்றாதீர்கள், திருக்கை தாங்காது. மாட்டின் டிரிபனோசோமாவுக்குப் போடும் ஊசியை அளவு குறைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மோனியாவைச் சோதியுங்கள். தொட்டியில் சாகும் திருக்கைகளில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் எமன் என்பது என் கருத்து.

பாலக்கோடு_பால்:
யாரும் கேட்காமலே இவ்வளவா! "இருந்தாலே நோய் இல்லை" என்பதை என் மாட்டிடம் சொல்லுங்கள். இதே இனத்து ஒட்டுண்ணி, வேறு வகை. 1880இல் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் பஞ்சாபில் குதிரை, ஒட்டக இரத்தத்தில் கண்டாரே, அது தரும் சர்ரா நோய். இதைப் பரப்புவது அட்டை இல்லை, கடிக்கும் பெரிய ஈ. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பிறகொரு விடியலில் கொட்டகையைச் சுற்றிச்சுற்றி நடந்தது, நின்று சுவரில் நெற்றியை முட்டி அழுத்தியது. கயிற்றைப் பிடித்து இழுத்தும் சுவரை விடவில்லை. ஊசி போட்டுப் பிழைத்தது. அதற்கு முன்பு நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தது. நான் அதை விற்றிருந்தால் வாங்கியவர் என்னைச் சும்மா விடுவாரா? பெங்களூருக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

கிருஷ்ணகிரி_தொட்டி:
மாடும் திருக்கையும் ஒன்றா? பால் கறக்கிறதா திருக்கை?

ஓசூர்_சிலைடு:
எண் கேட்டிருக்கிறேன். நண்பர் இன்னும் தரவில்லை.

பரிசல்துறை:
அது கிடக்கட்டும். அந்தத் திருக்கை என்ன விலைக்குப் போனது?