மேற்கே தெளிவு, கிழக்கே இரைச்சல்: ஆன்டெனாவில் என்ன கோளாறு?

கேள்வி (நிலையப் பணியாளர்):
வணக்கம். எங்கள் சமுதாய வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. 50 வாட் டிரான்ஸ்மிட்டர், 27 மீட்டர் இரும்புக் கோபுரம். உச்சிக்குச் சற்றுக் கீழே, மேற்குப் பக்கமாக ஒரு டைபோல் (இரு தண்டு ஆன்டெனா) செங்குத்தாக நிற்கிறது. மேற்கே பத்து கிலோமீட்டர் தாண்டியும் தெளிவாகக் கேட்கிறது. கிழக்கே நான்கிலேயே இரைச்சல். அந்தப் பக்கம் சமவெளிதான், குன்று ஏதும் இல்லை. எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு; 1.0 என்றால் ஏதும் திரும்பவில்லை) 1.2 காட்டுகிறது. "ஆன்டெனாவில் குறையில்லை, டிரான்ஸ்மிட்டரை மாற்றுங்கள்" என்கிறார் பொருத்திக் கொடுத்தவர். எங்கள் வேளாண் நிகழ்ச்சியே கிழக்கு ஊர்களுக்காகத்தான். என்ன செய்யலாம்?

பதில் (ஒலிபரப்புப் பொறியாளர், ஓய்வு):
டிரான்ஸ்மிட்டரைத் தொடாதீர்கள். 1.2 என்றால் அனுப்பும் திறனில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். மீதி எந்தத் திசையில் போகிறது என்று மீட்டர் சொல்லாது. அலையே வெளியிடாமல் திறனை வெப்பமாக்கிவிடும் டம்மி லோடை மாட்டினாலும் 1.0 காட்டும். கோபுரத்திலிருந்து டைபோல் எவ்வளவு தள்ளி இருக்கிறது?

கேள்வி கேட்டவர்:
ஆள் ஏறி அளந்துவிட்டார், ஐயா. 80 சென்டிமீட்டர்.

பதில் (ஒலிபரப்புப் பொறியாளர், ஓய்வு):
காரணம் அதுதான். உங்கள் அலைநீளம் 3.32 மீட்டர், அதில் கால் பங்கு 83 சென்டிமீட்டர். டைபோலுக்கு இணையாக நிற்கும் இரும்பு அந்தத் தொலைவில் எதிரொளிப்பானாகிவிடும். கோபுரத்தில் பட்டுத் திரும்பும் அலை மேற்கே போவதோடு சேர்ந்து வலுக்கிறது. கிழக்கே பெரும்பகுதியை அழித்துவிடுகிறது. 500 வாட் போட்டாலும் இதே வடிவம்தான். டைபோலைக் கோபுர உச்சிக்கு மேலே, உலோகமல்லாத கம்பத்தில் ஏற்றுங்கள். கேபிளை டைபோலை ஒட்டிக் கீழே இறக்காமல், ஒரு மீட்டராவது செங்கோணத்தில் விலக்கிக் கொண்டுவாருங்கள்.

பதில் (வேறொரு நிலையத்தார்):
சமுதாய வானொலி ஆன்டெனாவுக்கு 30 மீட்டர்தான் உச்சவரம்பு. உங்களுக்கு மூன்று மீட்டர் மிச்சம் இருக்கிறது, 1.6 மீட்டர் டைபோல் தாராளமாக அடங்கும். கேபிள் எது? ஆர்.ஜி.213 என்றால் 30 மீட்டரில் ஏறக்குறைய 2 டெசிபல் போய்விடும், அதாவது திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். திரும்பி வரும் அலையையும் கேபிள் விழுங்க விழுங்க, கீழே எஸ்.டபிள்யூ.ஆர். இன்னும் அழகாகத் தெரியும். அதை நம்பாமல் ஆன்டெனா முனையிலேயே அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
உச்சியில் ஏற்றிவிட்டோம். கிழக்கே ஒன்பது கிலோமீட்டரில் கைபேசி வானொலியிலேயே கேட்கிறது. மேற்கே வீச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது, பரவாயில்லை. கேபிள் ஆர்.ஜி.213தான், அடுத்து அதை மாற்றுகிறோம். இடிதாங்கியை இனி எங்கே வைப்பது, ஐயா? டைபோலுக்குப் பக்கத்தில் இன்னொரு இரும்பை நிறுத்தத் தயக்கமாக இருக்கிறது.